மணிக்கட்டு நோகாமல் தோட்டம் செய்தல்: ஒரு தானியக்கச் செய்முறைப் பதிவு

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் அக்கா பகலெல்லாம் தையல் மெஷினோடு இருப்பவர். இரவில் சமையலறை வேலை முடிந்ததும் ஸ்டார்டியூ வேலி விளையாடுவது அவருக்குப் பழகிப்போன ஓய்வு. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் கணினிக்கு வெளிவந்த அந்த விளையாட்டில், தாத்தா விட்டுச்சென்ற பாழடைந்த பண்ணையைத் திருத்தி, பயிர் வைத்து, கோழியும் மாடும் வளர்த்து, ஊர்க்காரரோடு பழகி வாழ வேண்டும். தனியாக விளையாடுபவருக்கு அதில் போட்டியாளர் எவரும் இல்லை. ஆனால் நிலத்தைக் கொத்துவது, தண்ணீர் ஊற்றுவது, கல்லுடைப்பது, மரம் தறிப்பது என்று எல்லா வேலையும் மவுஸின் இடது பொத்தானில் வந்து சேர்கிறது. கத்தரிக்கோல் பிடித்து ஏற்கெனவே நொந்துபோயிருந்த வலது மணிக்கட்டுக்கு அது மேலதிகச் சுமையாயிற்று. வைத்தியர் ஓய்வு கொடுக்கச் சொன்னது தையலுக்கும் சேர்த்துத்தான் என்றாலும், தையல் வீட்டு வருமானம் என்பதால், விளையாட்டைத்தான் விட வேண்டும் என்று அக்கா முடிவுகட்டியிருந்தார். விளையாட்டை விடாமல் சொடுக்குகளை மட்டும் விடுவதற்குச் செய்த வேலைகளை, அதே தேவை உள்ள பிறருக்கும் உதவும் என்பதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கிரிப்ட் (விசை அழுத்தங்களையும் சொடுக்குகளையும் நமக்காகச் செய்யும் சிறு நிரல்) என்றதும் நேரே நிரல் எழுத உட்காருவது பலருடைய வழக்கம். நான் முதலில் பார்த்தது, விளையாட்டு ஏற்கெனவே தன்னிடம் வைத்திருக்கும் தானியக்கத்தைத்தான். விவசாயத் திறன் 2ஆம் நிலைக்கு வந்ததும் செப்புக் கட்டி ஒன்றையும் இரும்புக் கட்டி ஒன்றையும் கொண்டு செய்யக்கூடிய சாதாரணத் தெளிப்பான், தன்னை ஒட்டிய 4 கட்டங்களுக்கு ஒவ்வொரு காலையும் தானே தண்ணீர் தெளிக்கிறது. 6ஆம் நிலையில் கிடைப்பது சுற்றியுள்ள 8 கட்டங்களுக்கும், 9ஆம் நிலையில் கிடைக்கும் இரிடியம் தெளிப்பான் 24 கட்டங்களுக்கும் தெளிக்கும். அக்கா 6ஆம் நிலையைத் தாண்டிய பின்பும் பூவாளியோடுதான் நடந்துகொண்டிருந்தார், ஏனெனில் இரண்டாம் வகைத் தெளிப்பானுக்கு வேண்டிய தங்கக் கட்டிகளையெல்லாம் கருவிகளை மேம்படுத்தச் செலவழித்திருந்தார். கடையில் விதை வாங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் ஒரே தடவையில் 5 வாங்கலாம் என்பதும், அதோடு கன்ட்ரோல் விசையையும் சேர்த்தால் 25 வாங்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இவ்வளவையும் சரிசெய்ததில், எந்த நிரலும் எழுதாமலே, சொடுக்குகளில் பெரும்பங்கு குறைந்துவிட்டது. நிரலுக்கு மிஞ்சியவை இரண்டு: சுரங்கத்திலும் காட்டிலும் கருவியை மீண்டும் மீண்டும் வீசுவது, வரிசையாக வைத்த பீப்பாய்களில் பழம் போட்டு வைன் எடுப்பது.

கருவி வீசும் வேலைக்கு ஓட்டோஹொட்கீ என்ற இலவச மென்பொருளைத் தெரிவுசெய்தேன். 2003இல் முதன்முதலாக வெளிவந்த இந்த விண்டோஸ் கருவியின் 2.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் பெரும்பாலானவை முதற் பதிப்பின் இலக்கணத்தில் இருப்பதால், அவற்றை அப்படியே பிரதி செய்து ஒட்டினால் புதிய பதிப்பில் ஓடாது. கோப்பின் முதல் வரியிலேயே எந்தப் பதிப்பு தேவை என்று அறிவித்துவிடுவது வீண் தலையிடியைத் தவிர்க்கும். இன்னொரு காரணத்துக்காகவும் இதை விரும்புகிறேன். ஸ்கிரிப்ட் என்பது நோட்பாடில் திறந்து வாசிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. விளையாட்டை இலகுவாக்கும் என்று சொல்லி யாரோ பகிரும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத நிறைவேற்றுக் கோப்புகளைப் பதிவிறக்குபவர்கள், தங்கள் கடவுச்சொற்களையும் சேர்த்தே கொடுத்துவிடக்கூடும்.

திட்டத்தை விளக்கியபோது அக்கா கேட்டது ஒன்றுதான்.

“என்னால நிப்பாட்ட ஏலுமா? அதச் சொல்லு முதல்.”

மெஷினின் ஊசிக்குக் கீழே விரல் வைத்து வேலை செய்பவரின் கேள்வி அது. ஆகவே கோப்பில் முதலில் எழுதப்பட்டது நிறுத்தும் பகுதியே. எஃப்8 விசை தொடங்கும், அதே விசையை மறுபடி அழுத்தினால் நிற்கும், எஃப்9 ஸ்கிரிப்டையே மூடிவிடும். வேலை செய்யும் பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. தானாக நிற்கும் எல்லையையும் சேர்த்தேன்: ஒரு தடவை எஃப்8 அழுத்தினால் 10 வீச்சு, அதற்கு மேல் இல்லை. இந்த விளையாட்டில் பாத்திரத்தின் தொடக்கச் சக்தி 270 அலகு; கருவியின் ஒவ்வொரு வீச்சும் ஏறக்குறைய 2 அலகைத் தின்கிறது, திறன் நிலை ஏற ஏறச் சற்றுக் குறைவாக. சக்தி தீர்ந்த பின்பும் வீசிக்கொண்டிருந்தால் பாத்திரம் களைத்துப்போய் மறுநாளை அரைச் சக்தியோடு தொடங்க நேரிடும். 10 வீச்சுக்குள் நிற்கும் ஸ்கிரிப்ட் அதிகபட்சம் 20 அலகைத்தான் செலவழிக்க முடியும். எந்தக் கல்லை உடைப்பது, எப்போது வீடு திரும்புவது என்ற தீர்மானங்கள் அக்காவிடமே இருக்கின்றன. அவற்றை நிரலிடம் கொடுத்துவிட்டால் அவர் விளையாடுபவராக அன்றி வேடிக்கை பார்ப்பவராகவே இருப்பார்.

முதல் வடிவம் நோட்பாடில் ஒழுங்காக வேலை செய்தது, விளையாட்டுக்குள் பாதி வீச்சுகள் காணாமற்போயின. காரணம் வேகம். ஓட்டோஹொட்கீயின் இரண்டாம் பதிப்பு வழமையாகப் பயன்படுத்தும் அனுப்பும் முறையில், விசையை அழுத்துவதற்கும் விடுவிப்பதற்கும் இடையே நேரம் ஏறக்குறைய இல்லை. சொல் எழுதும் மென்பொருள்கள் விண்டோஸ் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் வரிசையில் நின்று பெற்றுக்கொள்வதால் அவற்றுக்கு அது போதும். விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு சட்டகம் (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில் ஒன்று) வரையும்போதும் இந்தக் கணத்தில் எந்த விசை கீழே இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப்பார்க்கின்றன. விநாடிக்கு 60 சட்டகம் என்றால் அந்தப் பார்வைகளுக்கு இடையில் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி இருக்கிறது. அதற்குள் அழுத்தி விட்டுவிட்ட விசை, விளையாட்டைப் பொறுத்தவரை அழுத்தப்படவே இல்லை. எனவே அழுத்துவதையும் விடுவிப்பதையும் இரண்டு தனிக் கட்டளைகளாகப் பிரித்து, நடுவில் 50 மில்லிவிநாடி காத்திருக்கச் செய்தேன். மூன்று சட்டகங்கள் கடந்துவிடும், தவற வாய்ப்பில்லை. வீச்சுகளுக்கு இடையிலும் கருவியின் அசைவு முடியும்வரை அரை விநாடி அளவு விட வேண்டும். அசைவு நடக்கும்போது வரும் சொடுக்கை விளையாட்டு பொருட்படுத்தாது. இதில் மில்லிவிநாடிக் கணக்கில் நுணுக்கம் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் விண்டோஸின் காத்திருப்புக் கட்டளையே பொதுவாக 10 அல்லது 15.6 மில்லிவிநாடிப் படிகளில்தான் நகர்கிறது. 20 என்று எழுதினால் 30க்குக் கிட்ட ஆகலாம்.

இரண்டாவது சிக்கல் நம்மவர்களுக்கே உரியது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருவியை மவுஸ் பொத்தானால் மட்டுமன்றி விசைப்பலகையின் சி விசையாலும் இயக்கலாம். முதல் வடிவம் அந்த எழுத்தையே அனுப்பியது. என் மேசையில் ஓடிய அதே கோப்பு அக்காவின் மடிக்கணினியில் சில வேளை ஓடியது, சில வேளை பேசாமல் கிடந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் செய்தி எழுதிவிட்டு அப்படியே விளையாட்டுக்கு வரும் நாட்களில்தான் அது முடங்குகிறது என்பதைக் கவனித்த பின்பு காரணம் தெளிவாயிற்று. விசைப்பலகை தமிழில் இருக்கும்போது அந்த அமைப்பில் சி என்ற ஆங்கில எழுத்துக்கு விசையே கிடையாது. அப்போது ஓட்டோஹொட்கீ அதனை ஒரு விசையாக அனுப்பாமல் யூனிகோட் எழுத்தாக அனுப்புகிறது. சொல் எழுதும் மென்பொருள் அதை மகிழ்ச்சியாக ஏற்கும். விசை கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் விளையாட்டுக்கு அது தெரியாது. எழுத்தைக் கைவிட்டு மவுஸின் இடது பொத்தானையே அனுப்பச் செய்தேன். மவுஸ் பொத்தான் எந்த மொழி தெரிவாகியிருந்தாலும் மாறுவதில்லை. தொடங்கவும் நிறுத்தவும் எஃப் வரிசை விசைகளை வைத்திருந்ததும் இதே காரணத்தால் நல்லதாகப் போயிற்று. கூடவே, ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி உள்ளீட்டு மொழி என்ற விண்டோஸ் அமைப்பையும் இயக்கிவிட்டேன்.

மவுஸ் பொத்தானை நிரல் அழுத்தும்போது ஒரு புதிய ஆபத்து வருகிறது: நடுவில் வேறொரு ஜன்னல் முன்னுக்கு வந்தால் சொடுக்குகள் அதன்மேல் விழும். வாடிக்கையாளரின் செய்திப் பெட்டியில் அழிப்புப் பொத்தானின் மேல் விழுந்தாலும் நிரலுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே விளையாட்டின் ஜன்னல் முன்னுக்கு இருக்கும்போது மட்டுமே எஃப்8 உயிர்பெறும்படி நிபந்தனை வைத்ததோடு, ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் அதே சோதனையை மறுபடி செய்து, வேறு ஜன்னல் முன்னுக்கு வந்திருந்தால் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கி நின்றுவிடும்படி எழுதினேன். ஸ்கிரிப்ட் மூடப்படும்போது, அழுத்திய பொத்தான் கீழேயே ஒட்டிக்கொண்டிருக்காமல் விடுவிக்கும் கட்டளையையும் வெளியேறும் நிகழ்வில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மவுஸை எங்கே நகர்த்தினாலும் கணினி எதையோ இழுத்துக்கொண்டே போகும்.

பீப்பாய் வரிசைக்கு இந்த வழி பொருந்தவில்லை. திரையில் ஒவ்வொரு பீப்பாயும் இருக்கும் இடத்தின் நிறத்தைப் பார்த்து, வைன் தயாராகியிருந்தால் சொடுக்கும்படி எழுதலாம் என்று தோன்றும், அதற்கான கட்டளைகளும் ஓட்டோஹொட்கீயில் உண்டு. ஆனால் இந்த விளையாட்டில் மாலையானதும் வெளிக்காட்சி முழுவதும் மங்கிக்கொண்டே போகிறது, மழை நாளில் வேறொரு சாயல் ஏறுகிறது, உருப்பெருக்கத்தை ஒரு படி மாற்றினாலே திரையில் இடங்களைக் குறிக்கும் எண்களான ஆயங்கள் எல்லாம் பிசகிவிடுகின்றன. அவ்வளவுக்கும் ஈடுகொடுக்க எழுதும் நிரல், விளையாட்டைவிடப் பெரிய பராமரிப்பு வேலையாகிவிடும். திரையை வெளியிலிருந்து உற்றுப்பார்த்து ஊகிக்கும் நிரலை விட, விளையாட்டின் உள்ளே நின்று உண்மை நிலையை வாசிக்கும் மொட் (விளையாட்டோடு சேர்த்து நிறுவி அதன் நடத்தையை மாற்றும் துணை நிரல்) மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டார்டியூ வேலிக்குள் மொட்களை ஏற்றித் தரும் ஸ்மாபி என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அதனோடு ஓட்டோமேட் என்ற மொட்டைச் சேர்த்தால், இயந்திரங்களை ஒட்டி ஒரு பெட்டியை வைத்தாலே போதும். பெட்டியிலுள்ள பழத்தை எடுத்துப் பீப்பாயில் போடும், விளைந்த வைனை மீண்டும் பெட்டியில் சேர்க்கும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இயந்திரங்களையெல்லாம் ஒரே தொகுதியாகக் கொள்ளும். வழமையான அமைப்பில் விநாடிக்கு ஒரு தடவை சரிபார்க்கிறது. பழைய மடிக்கணினியில் அந்த இடைவெளியை அமைப்புக் கோப்பில் கூட்டிவிடலாம். ஸ்மாபியோடு சேர்ந்து வரும் சேமிப்புப் பிரதி மொட் எமக்கு இன்னொரு வகையில் கைகொடுத்தது. இந்த விளையாட்டு, பாத்திரம் படுத்து உறங்கும்போது மட்டுமே சேமிக்கிறது. பற்றரி செத்த மடிக்கணினியில் மின்சாரம் போனால் அன்றைய நாள் போனதுதான், ஸ்கிரிப்டோ மொட்டோ அதை மீட்காது. சேமிப்புக் கோப்பே பழுதானால் பழைய பிரதிக்காவது திரும்பலாம்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பின்பு அக்கா செய்த முதல் வேலை, கோழிக்கூட்டுப் பக்கம் நான் வைத்த பெட்டியைத் தூக்கியதுதான். “முட்டைய நானே எடுத்து நானே போடுறன். அது எனக்கு வேலை இல்ல” என்றார். கை நோவைக் கணக்கிட்டு நான் பட்டியலிட்ட வேலைகளில் எது விளையாட்டு, எது வெறும் உழைப்பு என்பதை அவர்தான் பிரித்தார். வைன் பீப்பாய்கள் தானாக ஓடுகின்றன, முட்டை கையால் நடக்கிறது.

சிக்கலான கேள்வி அக்காவின் மகனிடமிருந்து வந்தது. எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன், ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணையவழி விளையாட்டில் மாதக்கணக்காக மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

“மாமா, இத என்ட கேமுக்கும் போட்டுத் தாங்களேன். நான் படுத்தாலும் அது வெட்டிக்கொண்டிருக்கும்தானே.”

“அம்மாட தோட்டத்துல அம்மா மட்டும்தான் இருக்கிறா. உன்ட இடத்துல சந்தை இருக்கு, தம்பி.”

அந்தச் சந்தை உவமையன்று. 2013இல் தொடங்கிய அந்த விளையாட்டில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை இருக்கிறது. ஒருவர் வெட்டிய மரத்தை இன்னொருவர் அங்கே வாங்குகிறார், விலை வரத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. உறங்குபவர்களின் கணக்குகள் இரவெல்லாம் வெட்டிக் குவித்தால், கையால் வெட்டிய மற்றப் பிள்ளையின் மரத்துக்கு விலை விழுகிறது. திரையில் பார்க்க இரண்டும் ஒரே சொடுக்கு, ஆனால் அக்காவின் ஸ்கிரிப்ட் எவரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை, இது எடுக்கும். விளையாட்டை நடத்தும் ஜகெக்ஸ் நிறுவனமும் தானாக விளையாடும் மென்பொருளை விதிகளில் தடைசெய்து, மீறும் கணக்குகளை முடக்குகிறது.

பிடிபடாமல் செய்யலாம்தானே என்ற அவனுடைய அடுத்த வாதத்துக்கு, காத்திருப்பு நேரங்களைத் தாறுமாறாக்கி மனிதக் கை போலக் காட்டும் வித்தைகள் எனக்கும் தெரியும் என்றே பதில் சொன்னேன். அக்காவின் கோப்பில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஒளிக்க வேண்டிய தேவை எழும் இடத்திலேயே அந்தக் கோப்பை எழுதக்கூடாது என்பது எனக்கு நடைமுறையில் நல்ல அளவுகோலாக இருந்திருக்கிறது. எல்லை எங்கே என்பதை ஒவ்வொரு விளையாட்டும் வேறு விதமாக வரைகிறது. வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட் தன்னுள்ளேயே 255 எழுத்துகள் வரை மக்ரோ, அதாவது ஒரே விசையில் கோத்த கட்டளைத் தொடர், எழுத இடம் தருகிறது. ஆனால் ஒரு விசையழுத்தத்தைப் பல கணக்குகளுக்கு ஒரே நேரத்தில் பரப்பும் மென்பொருள்களை பிளிசார்ட் நிறுவனம் 2020 நவம்பரில் தடைசெய்தது, ஒருவர் பல கணக்கு வைத்திருப்பதைத் தடைசெய்யவில்லை. அதே விளையாட்டைத் தானாக விளையாடிய குளைடர் என்ற பொட் மென்பொருளின் வழக்கில், அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பரில், விளையாடுபவர் பொட் பயன்படுத்துவது ஒப்பந்த மீறலேயன்றிப் பதிப்புரிமை மீறலன்று என்றும், ஆயினும் கண்காணிப்பை ஏய்க்கும் மென்பொருளை விற்றது வேறொரு சட்டப் பிரிவை மீறியது என்றும் தீர்த்தது. 2024 ஓகஸ்டில் வல்வ் நிறுவனம், கவுன்டர் ஸ்ட்ரைக் 2இல் ஒரே அழுத்தத்தில் பல அசைவுகளைச் செய்விக்கும் முறைகளைத் தன் சேவையகங்களில் தடுத்தபோது, ஸ்கிரிப்டுகள் மட்டுமல்ல, சில விசைப்பலகைகளுக்குள்ளேயே வைத்து விற்கப்பட்ட வசதிகளும் அதில் அகப்பட்டன. கடையில் காசு கொடுத்து வாங்கியது என்பதால் ஒரு கருவி விதிக்கு உட்பட்டதாகிவிடாது.

அவனுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் ஆசையே தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்கிரிப்ட் எழுதுவதையே விளையாட்டாக்கிய விளையாட்டுகள் இருக்கின்றன. த ஃபார்மர் வாஸ் ரிப்ளேஸ்ட் என்பதில், பைத்தன் போன்ற எளிய மொழியில் கட்டளை எழுதி ஒரு ட்ரோனைக் கட்டம் கட்டமாக நகர்த்தி அறுவடை செய்ய வேண்டும். விளைச்சலைக் கொடுத்துத்தான் அடுத்த மொழிக் கூறுகளைத் திறக்க முடியும். அதை நிறுவிக் கொடுத்தேன். முடிவில்லாமல் அறுவடை செய் என்று ஒரே சுற்றை எழுதிவிட்டு எழும்பிப் போனவன், திரும்பி வந்து பார்த்துவிட்டு, விளையாதவற்றையும் அறுத்தால் ஒன்றும் கிடைக்காது என்று கண்டுபிடித்து, விளைந்ததா என்று பார்க்கும் நிபந்தனையைத் தானே சேர்த்தான். அதைத்தான் நான் அக்காவின் கோப்பில் ஜன்னல் சோதனையாக எழுதியிருந்தேன் என்பதை அப்போது காட்டினேன்.

அவனும் அக்காவும் ஒரே பண்ணையில் சேர்ந்து விளையாடத் தொடங்கிய பின்பு ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கூட்டு விளையாட்டில் ஓட்டோமேட் மொட் பண்ணையை நடத்துபவரின் கணினியில் இருந்தால் எல்லோருடைய இயந்திரங்களையும் இயக்கும். மொட் தடைசெய்யப்படாத விளையாட்டிலும், கூட இருப்பவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தன் பீப்பாய்களைத் தானே பார்க்க விரும்புவதாக அவன் சொன்னதால், அவனுடைய வரிசையை அக்காவின் பெட்டியைத் தொடாதபடி இரண்டு கட்டம் தள்ளி வைத்தோம்.

இப்போது மீதி இருப்பது எஃப்8 விசை. அதையும் கையால் அழுத்தத் தேவையில்லை, ஏனெனில் அக்காவின் கால் மெஷின் மிதித்துப் பழகிய கால். பழைய யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைக் கழற்றி, அதன் சிறிய சுற்றுப்பலகையில் எஃப்8க்குரிய இரண்டு தொடுமுனைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு வயர்களை இழுத்து, பழைய மிதியொன்றின் கீழே பொருத்தும் அழுத்துவிசையோடு இணைத்தால், கணினி அதை ஒரு சாதாரண விசைப்பலகையாகவே காணும், புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. விசைகளுக்குரிய பிளாஸ்டிக் தாள்களில் அச்சிட்ட தடங்களைப் பின்தொடர்ந்து முனைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். அவற்றின்மேல் கரிப்பூச்சு இருப்பதால் ஈயம் ஒட்ட மறுக்கிறது. பூச்சை மெல்லச் சுரண்டிச் செப்பு தெரியவைக்க வேண்டும், அல்லது சுரண்டாமல் வயர் முனையை அழுத்திப் பிடிக்கும் சிறு கவ்வி ஒன்றைத் திருகி வைக்க வேண்டும். கடற்காற்றில் செப்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும் ஊர் இது என்பதால், கவ்வியை விட்டுவிட்டு, சுரண்டி ஈயம் வைத்து மேலே பசையால் மூடுவதாகத் தீர்மானித்திருக்கிறேன்.